உடைந்த வராந்தாவில் நின்ற போதகர்: மார்ட்டின் லூதர் கிங்

மலருக்குப் பெரிய மனிதர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். மார்ட்டின் லூதர் கிங் என்றேன். அவரைத் தெரியாதவர் யார் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்கக் காந்தி, 1963-ல் வாஷிங்டனில் தன் கனவைச் சொன்னவர், நோபல் பரிசு வாங்கியவர், 39 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டவர். இவ்வளவும் பள்ளிக்கூடப் பாடத்திலேயே வந்துவிடும். பாடத்தில் வராத விஷயம், அந்த மனிதர் எவ்வளவு பயந்தார் என்பது. நம்மைப் போலவே பயந்தார். வீட்டில் துப்பாக்கி வைத்திருந்தார். அப்புறம் அதை விட்டுவிட்டார். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1929 ஜனவரி 15-ம் தேதி அட்லாண்டா நகரில் பிறந்தார். அப்பா எபனேசர் பாப்டிஸ்ட் சபையின் போதகர். அம்மாவைப் பெற்ற தாத்தாவும் அதே சபையில் போதகராக இருந்தவர். கிங் 15 வயதில் மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். உலக யுத்தத்தால் கல்லூரியில் மாணவர்கள் குறைந்துபோயிருந்தார்கள். அதனால் பள்ளியை முடிக்காத பையன்களையும் பரீட்சை வைத்துச் சேர்த்துக்கொண்ட காலம் அது. டாக்டருக்குப் படிக்கலாமா, வக்கீலாகலாமா என்று ஊசலாடிக்கொண்டிருந்த பையனைப் போதக ஊழியத்தின் பக்கம் திருப்பியதில் அந்தக் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் மேஸுக்குப் பெரிய பங்கு உண்டு. மேஸ் 1936 கடைசியில் நம் நாட்டுக்கு வந்து காந்தியடிகளைச் சந்தித்துப் பேசியவர். கல்லூரி ஆலயத்தில் அவர் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர் கிங். ஒரு கல்லூரி ஒரு மாணவனுக்கு என்ன தர முடியும் என்று நாம் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி பேசிக்கொள்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1948-ல் சமூகவியலில் பட்டம். அப்புறம் குரோசர் இறையியல் கல்லூரி. அங்கே இருக்கும்போது, இந்தியா போய்த் திரும்பிய மோர்டிகாய் ஜான்சன் என்பவர் காந்தியைப் பற்றிப் பேசிய பேச்சைக் கேட்டுவிட்டு, கையோடு போய் காந்தி பற்றிய புத்தகங்களை அரை டஜன் வாங்கினாராம். பிறகு பாஸ்டனில் டாக்டர் பட்டம், 1953-ல் கொரெட்டாவுடன் கல்யாணம், 1954-ல் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி ஊரில் டெக்ஸ்டர் அவென்யூ சபையில் போதகர் வேலை. முதல் வேலை, நல்ல சம்பளம், படித்தவர்கள் வரும் சபை. 1955 நவம்பரில் முதல் குழந்தை யோலாண்டா பிறந்தாள். நம்ம பாட்ச் ஆட்கள் எல்லோரும் கடந்து வந்த அதே கட்டம்தான்.

அந்த ஊர் பஸ்ஸில் கறுப்பின மக்கள் முன் வாசலில் காசைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, பின் வாசலுக்கு ஓடி ஏற வேண்டும். ஏறுவதற்குள் டிரைவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவதும் உண்டு. 1955 டிசம்பர் 1-ம் தேதி ரோசா பார்க்ஸ் என்ற தையல் வேலை செய்யும் பெண்மணி, வெள்ளைக்காரருக்காக இடத்தை விட்டு எழ மறுத்துக் கைதானார். அன்று ராத்திரியே அலபாமா ஸ்டேட் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியை ஜோ ஆன் ராபின்சன், இரண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கல்லூரி மிஷினில் விடிய விடிய நோட்டீஸ்களை சைக்ளோஸ்டைல் செய்தார். திங்கட்கிழமை யாரும் பஸ்ஸில் ஏற வேண்டாம் என்பது செய்தி. பல ஆயிரம் பிரதிகள் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. கிங் இதில் எல்லாம் பின்னால்தான் வருகிறார். ஊருக்குப் புதுசு, எந்தக் கோஷ்டியிலும் சேராதவர் என்பதால் டிசம்பர் 5-ம் தேதி அவரையே தலைவராகப் போட்டுவிட்டார்கள். அப்போது வயது 26.

பகிஷ்காரம் 381 நாள் நடந்தது. பொறியியல் படித்தவன் என்ற முறையில் இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. அன்பு, அகிம்சை என்று பேசுகிறவர்களுக்கு நிர்வாகம் தெரியாது என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. இவர்கள் சுமார் 300 சொந்தக் கார்களைத் திரட்டினார்கள். காலையில் ஆட்களை ஏற்றி அனுப்ப 48 இடம், சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொள்ள 42 இடம் என்று சில நாளிலேயே வரைபடம் போட்டு ஓட்டினார்கள். பேட்டன் ரூஜ் என்ற ஊரில் 1953-ல் இதே மாதிரி செய்திருந்த போதகர் ஜெமிசனிடம் போனில் யோசனை கேட்டுக்கொண்டார்கள். கார்களுக்கு இன்ஷூரன்ஸை உள்ளூரில் ரத்து செய்யவைத்தபோது லண்டன் லாய்ட்ஸ் வரை போய் வாங்கினார்கள். பஸ் பயணிகளில் முக்கால்வாசிப்பேர் கறுப்பின மக்கள்தான். கம்பெனிக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பகிஷ்காரம் நீளநீள மிரட்டலும் வளர்ந்தது. ஒரு நாளைக்கு 30, 40 போன் கால் வரும். எல்லாம் அசிங்கமான வசவும் கொலை மிரட்டலும். 1956 ஜனவரி 26-ம் தேதி, 25 மைல் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 30 மைல் வேகத்தில் போனார் என்று கிங்கைக் கைது செய்தார்கள். போலீஸ் வண்டி பழக்கமில்லாத ரோட்டில் போனபோது, தன்னை ஏதோ ஒரு கும்பலிடம் ஒப்படைக்கப் போகிறார்கள் என்று நினைத்து நடுங்கிவிட்டார். ஜெயில் கட்டடத்தின் போர்டைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்ததாம். ஜெயிலைப் பார்த்து நிம்மதி அடைவது எப்பேர்ப்பட்ட பயம் என்று யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் நள்ளிரவு இன்னொரு போன். ஊரை விட்டுப் போகாவிட்டால் வீட்டை வெடி வைத்துத் தகர்ப்போம் என்று ஒரு குரல். கிங்குக்குத் தூக்கம் போய்விட்டது. மனைவியும் இரண்டு மாதக் குழந்தையும் உள்ளே தூங்குகிறார்கள். சமையலறையில் காபி போட்டு முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கௌரவம் கெடாமல் எப்படி இதிலிருந்து விலகலாம் என்றுதான் யோசித்தார். இதை அவரே பின்னால் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தலையைக் கையில் தாங்கிக்கொண்டு வாய்விட்டு ஜெபம் செய்தார். தான் பலவீனப்பட்டுவிட்டதையும், தைரியம் தீர்ந்துபோனதையும், தன்னை நம்பி நிற்கும் ஜனங்கள் இதைப் பார்த்தால் அவர்களும் தளர்ந்துவிடுவார்கள் என்பதையும் ஆண்டவரிடம் சொன்னார். நியாயத்துக்காக நில், நான் கூட இருக்கிறேன் என்று உள்ளே ஒரு குரல் கேட்டதாக அவர் நம்பினார். அப்பா, தாத்தா வழியில் வந்த விசுவாசம் அன்றுதான் தன் சொந்த விசுவாசமாக ஆனது என்பது அவர் கருத்து. பயம் முழுசாகப் போகவில்லை. ஆனால் எழுந்து நடக்க முடிந்தது.

மூன்று நாள் கழித்து, ஜனவரி 30 திங்கட்கிழமை ராத்திரி, சொன்னபடியே வெடி வைத்தார்கள். கிங் அப்போது வேறொரு ஆலயத்தில் கூட்டத்தில் இருந்தார். வீட்டில் கொரெட்டாவும் சபையைச் சேர்ந்த ஒரு பெண்மணியும் முன் அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே ஏதோ பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டு இருவரும் பின்பக்கம் ஓடினார்கள். உடனே டைனமைட் வெடித்தது. வராந்தா பிளந்தது, ஜன்னல் கண்ணாடி எல்லாம் முன் அறையில் கொட்டியது. உயிருக்குச் சேதம் இல்லை.

கிங் வீட்டுக்கு வந்து சேரும்போது வாசலில் நூற்றுக்கணக்கான பேர். எல்லோரும் அவருடைய ஜனங்கள். பலர் கையில் துப்பாக்கி, கத்தி, பாட்டில். சின்னப் பையன்கள்கூட ஆயுதத்தோடு நின்றார்கள். கூட்டத்தை விலக்க வந்த வெள்ளைக்காரப் போலீசாருக்கு வியர்த்தது. மேயர் கேலும் போலீஸ் கமிஷனர் செல்லர்ஸும் வீட்டுக்குள் நின்றார்கள். யாராவது ஒருத்தர் ஒரு கல்லை எறிந்திருந்தால் போதும், அன்றைக்கு அந்தத் தெருவில் எத்தனை பிணம் விழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

கிங் முதலில் மனைவியையும் குழந்தையையும் பார்த்தார். அப்புறம் உடைந்த வராந்தாவுக்கு வந்து கையை உயர்த்தினார். குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். ஆயுதம் கொண்டு வந்தவர்கள் வீட்டுக்குக் கொண்டு போய்விட வேண்டும், கொண்டு வராதவர்கள் தேடிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பகைவரிடமும் அன்பு காட்டும்படி இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதை நினைவுபடுத்தினார். தன்னை நிறுத்திவிட்டாலும் இந்த வேலை நிற்காது என்றார். சற்று நேரத்துக்கு முன் மனைவியும் குழந்தையும் சாக இருந்தார்கள். அந்த மனுஷன் பேசுகிறார். கூட்டம் மெல்லக் கலைந்து போனது. அந்தப் போதகர் இல்லாவிட்டால் நாங்கள் செத்திருப்போம் என்ற பொருளில் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரரே பேசியதாகக் கேள்வி.

இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. அன்று ராத்திரியே அவர் அப்பாவும் மாமனாரும் தனித்தனியாகப் புறப்பட்டு வந்து, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார்கள். கொரெட்டா அசையவில்லை. கிங்கோ, காரில் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் கேட்டு ஷெரிப் ஆபீசுக்கு விண்ணப்பம் போட்டார்! கிடைக்கவில்லை. வீட்டைச் சுற்றி ஆயுதத்தோடு ஆட்கள் காவல் நின்றார்கள். பிப்ரவரியில் உதவிக்கு வந்த பேயார்ட் ரஸ்டின், தன் கூட வந்த பத்திரிகைக்காரர் ஒரு நாற்காலியில் உட்காரப் போனபோது பதறித் தடுத்தார். நாற்காலியில் ஒரு துப்பாக்கி கிடந்தது. அகிம்சைப் போராட்டத் தலைவரின் வீட்டு நிலைமை இப்படி.

இதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. எனக்கும் சின்னக் குழந்தை இருக்கிறது. மேடையில் ஒன்று சொல்லிவிட்டு வீட்டில் இன்னொன்றை வைத்திருக்கிறோமே என்று கிங்குக்கே உறுத்தியது. மனைவியோடு பேசினார். கடைசியில் வைத்திருந்த ஒரே துப்பாக்கியையும் அப்புறப்படுத்தினார். அதற்குப் பதிலாக வீட்டைச் சுற்றிப் பெரிய விளக்குகள் போட்டார், ஆயுதம் இல்லாத காவல்காரர்களை அமர்த்தினார். துப்பாக்கி இருந்தபோதுதான் பயம் அதிகமாக இருந்தது, அதை விட்ட பிறகு சாவைப் பற்றி நேராக யோசிக்க முடிந்தது என்பது அவருடைய அனுபவம்.

அன்பு என்ற சொல்லை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஏன்னா, வெடி வைத்தவனிடம் பிரியமாக இரு என்றால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். அவருக்கும் அது தெரியும். கிரேக்க மொழியில் காதலுக்கு ஒரு சொல், நண்பர்களிடையே உள்ள நேசத்துக்கு ஒரு சொல். புதிய ஏற்பாட்டில் வரும் அகாபே என்பது மூன்றாவது. எதிராளியைப் பிடிக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. அவன் கெட்டுப் போகாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்து நடந்தால் போதும். தன் வீட்டில் குண்டு போட்டவனை ரசிக்கும்படி இயேசு சொல்லாதது நல்லதாய்ப் போயிற்று என்று கிங் பிரசங்கத்தில் சிரிப்பு மூட்டுவாராம். அந்த அன்பு பகிஷ்காரத்தைக் கைவிடச் சொல்லவில்லை, வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லவில்லை. அநியாயத்தை எதிர்க்கலாம், எதிர்த்தே ஆக வேண்டும். அநியாயம் செய்கிறவனை அழிக்க நினைப்பதுதான் கூடாது.

1956 நவம்பர் 13-ம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மக்களுக்குச் சாதகமாக வந்தது. தீர்ப்பு அமலுக்கு வர ஒரு மாதத்துக்குமேல் ஆனது. அந்த இடைவெளியில் செய்ததுதான் அருமை. ஆலயத்தில் நாற்காலிகளைப் பஸ் மாதிரி வரிசையாகப் போட்டு ஒத்திகை நடத்தினார்கள். ஒருத்தர் டிரைவர், சிலர் வெள்ளைக்காரப் பயணிகள், சிலர் கறுப்பினப் பயணிகள். திட்டுவார்கள், இடிப்பார்கள், தள்ளுவார்கள். வாங்கிக்கொள்கிறவர் திருப்பித் தரக் கூடாது. சில சமயம் ஆவேசம் வந்து நிஜமாகவே சண்டை மூண்டுவிடும். நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. நம் தொழிற்சாலைகளில் தீயணைப்புப் பயிற்சி கொடுப்பதைப் போல, அன்புக்கும் பயிற்சி தேவை என்று கண்டுபிடித்தவர்கள் அவர்கள்.

டிசம்பர் 21-ம் தேதி கிங் பஸ்ஸின் முன் வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் கிளென் ஸ்மைலி என்ற வெள்ளைக்காரப் போதகர். அதோடு சுபம் போட முடியவில்லை. இரண்டே நாளில் கிங் வீட்டுக் கதவில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பஸ்களை மறைந்திருந்து சுட்டார்கள். 1957 ஜனவரி 10-ம் தேதி நான்கு ஆலயங்களிலும் இரண்டு போதகர்கள் வீட்டிலும் குண்டு வெடித்தது. அந்த இருவரில் ஒருவர் வெள்ளைக்காரர். அதே மாதக் கடைசியில் கிங் வீட்டு வராந்தாவில் மறுபடி டைனமைட் வைத்தார்கள். நல்லவேளை, அது வெடிக்கவில்லை. பிடிபட்டவர்கள் கோர்ட்டில் விடுதலை ஆனார்கள். அன்பு காட்டினால் எதிராளி உடனே மனம் மாறிவிடுவான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிங் அப்படிச் சொன்னதில்லை.

1958 செப்டம்பர் 20-ம் தேதி நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கடை ஒன்றில் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இசோலா கரி என்ற மனநிலை பிறழ்ந்த கறுப்பினப் பெண், கடித உறை கிழிக்கும் கத்தியை அவர் நெஞ்சில் பாய்ச்சினாள். கத்தி முனை மகா தமனியைத் தொட்டுக்கொண்டு நின்றது. தும்மியிருந்தால்கூடச் செத்திருப்பார் என்றார்கள் டாக்டர்கள். படுக்கையிலிருந்தபடியே அவர் கேட்டுக்கொண்டது, அந்தப் பெண்ணுக்குத் தண்டனை வேண்டாம், சிகிச்சை கொடுங்கள் என்பதுதான்.

உடம்பு தேறிய கையோடு 1959 பிப்ரவரியில் கொரெட்டாவுடன் இந்தியா வந்தார். ஒரு மாதம் சுற்றினார். சென்னை, காந்திகிராமம், மதுரை, திருவனந்தபுரம், கன்னியாகுமரி என்று நம்ம பக்கமும் வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய. அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு தன் நாட்டுச் சேரிகளை நினைத்துப் பார்த்து, அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் மறைய, மறுபக்கம் சந்திரன் எழுந்ததைப் பார்த்து நெகிழ்ந்தவர், ஊர் திரும்பி அதைப் பிரசங்கத்திலும் சொன்னார்.

1962 செப்டம்பர் 28-ம் தேதி பர்மிங்ஹாம் நகரில் அவர் இயக்கத்தின் மாநாடு. மேடையில் கிங் பேசிக்கொண்டிருக்கும்போது, ராய் ஜேம்ஸ் என்ற வெள்ளைக்கார இளைஞன் மேலே ஏறி வந்து கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அமெரிக்க நாஜிக் கட்சி ஆள். மறுபடி மறுபடி அடித்தான். கூட்டத்தில் சிலர், இதுவும் ஒரு ஒத்திகை என்றே முதலில் நினைத்தார்களாம். கிங் அவன் பக்கம் திரும்பினார், தடுக்கத் தூக்கிய கைகளைக் கீழே தொங்கவிட்டார். பார்த்தவர்கள் மறக்காத காட்சி அது. அவனைச் சூழ்ந்தவர்களிடம், தொடாதீர்கள், அவனுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்றார். உள்ளே அழைத்துப் போய் அவனோடு அமைதியாகப் பேசினார். புகார் கொடுக்க மறுத்துவிட்டார். அரசுத் தரப்பு தானாகவே வழக்குப் போட்டு அவனை உள்ளே அனுப்பியது. வீங்கிய முகத்தோடு திரும்பி வந்தவருக்குத் தலைவலி மாத்திரை கொண்டு வந்து கொடுத்தவர், கூட்டத்தில் இருந்த ரோசா பார்க்ஸ்.

நான் எலக்ட்ரிக்கல் படித்தவன். எனக்கு இந்த இடத்தில் இடிதாங்கிதான் ஞாபகம் வருகிறது. மின்னலைத் தன் மேல் வாங்கி, வீட்டுக்குள் விடாமல் மண்ணுக்கு அனுப்புகிறது. ஆனால் அந்தக் கம்பியும் சூடேறுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. அதே பர்மிங்ஹாமில் 1963 செப்டம்பர் 15 ஞாயிற்றுக்கிழமை, 16-வது தெரு ஆலயத்தில் குண்டு வெடித்து நாலு சிறுமிகள் செத்தார்கள். அவர்களில் மூன்று பேரின் அடக்க ஆராதனையில் கிங்தான் பேசினார். பெற்றவர்கள் முன்னால் நின்று மன்னிப்பைப் பற்றிப் பேசுவது எவ்வளவு கஷ்டம்! கடைசி வருஷங்களில் மனச்சோர்வு அவரைப் பிடித்து வாட்டியது.

அவரைப் புனிதராக்க வேண்டாம். கல்யாண வாழ்க்கையில் தவறினார். எப்.பி.ஐ. அதை ஒட்டுக்கேட்டு 1964-ல் பெயரில்லாத கடிதம் அனுப்பி மிரட்டியது. ஆராய்ச்சிக் கட்டுரையில் மற்றவர் எழுத்தை எடுத்தாண்டிருக்கிறார் என்று பாஸ்டன் பல்கலைக்கழகமே 1991-ல் விசாரித்துச் சொன்னது. இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் அதில் அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை. நோபல் பரிசாகக் கிடைத்த சுமார் 54,000 டாலரை இயக்கத்துக்கே கொடுத்தார் என்பதும் அதே மனிதர்தான்.

1968 ஏப்ரல் 4-ம் தேதி மெம்பிஸ் நகரில், துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கப் போன இடத்தில், லொரேன் விடுதி பால்கனியில் சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தி பரவியதும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் கலவரம் வெடித்தது. கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்க வராந்தாவில் யாரும் இல்லை.

அவருடைய அப்பா இருந்தார். 1956-ல் மகனை வீட்டுக்குக் கூட்டிப் போக ராத்திரியோடு ராத்திரியாக வந்த அதே அப்பா. அடுத்த வருஷம் இளைய மகன் நீச்சல் குளத்தில் இறந்துபோனார். 1974 ஜூன் 30 ஞாயிறு, எபனேசர் ஆலயத்தில் ஆராதனை நேரம், ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த மனைவி ஆல்பர்ட்டாவை 23 வயது இளைஞன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அவன் கறுப்பின இளைஞன். மகனைக் கொன்றவனையும் மனைவியைக் கொன்றவனையும் தன்னால் வெறுக்க முடியாது என்று பெரியவர் கிங் சொல்லிவிட்டார். ஓய்வு பெற்ற 1975 வரைக்கும் அதே ஆலயத்தில், அந்த ஆர்கன் இருந்த இடத்திலேயே ஊழியம் செய்தார். 1984-ல் காலமானார். அந்த இளைஞனுக்குக் கோர்ட் மரண தண்டனை விதித்திருந்தது. 1995-ல் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. கிங் குடும்பத்தார் மரண தண்டனையை எதிர்த்ததும் அதற்கு ஒரு காரணம்.